கோலமும் தானாகக் கூடும் டைல்களும்

மார்கழி அதிகாலையில் அன்னூர்ப் பக்கம் ஒரு தெருவில் நடந்து பாருங்கள். சாணம் தெளித்த வாசல்களில் புள்ளி வைத்து இழுத்த கோலங்கள் தெரியும். "இன்றைய நானோ தொழில்நுட்பத்தை நம் பாட்டிகள் அன்றே வாசலில் போட்டுவிட்டார்கள்" என்று மார்தட்டுபவர்களுக்கும் பஞ்சமில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுவல்ல!

முதலில் அந்தக் கணிதம் என்ன?

1961-ல் ஹாவ் வாங் என்ற தர்க்கவியல் அறிஞர் ஒரு கேள்வி கேட்டார். சதுர டைல்கள், நான்கு விளிம்பிலும் நிறம். ஒரே நிற விளிம்புகள்தான் ஒட்டி நிற்கலாம், டைலைத் திருப்பக் கூடாது. கொடுத்த வகைகளை வைத்து முடிவில்லாத தரையை நிரப்ப முடியுமா? எல்லா டைல் தொகுப்புகளுக்கும் விடை சொல்லும் ஒரே வழிமுறை கிடையாது என்று 1966-ல் ராபர்ட் பெர்கர் நிரூபித்தார். காரணம், கம்ப்யூட்டர் செய்யும் எந்தக் கணக்கையும் டைல்களாலேயே எழுதிவிடலாம்!

வாங்கின் தரையில் டைல் பதிக்க ஆள் வேண்டும். 1998-ல் எரிக் வின்ஃப்ரீ, கால்டெக்கில் செய்த முனைவர் ஆய்வில் அந்த ஆளையே நீக்கிவிட்டார். இங்கே ஒவ்வொரு விளிம்பிலும் நிறத்தோடு பசையும் உண்டு. பசைக்கு 1, 2 என்று வலிமை உண்டு. தொடக்கத்தில் ஒரே ஒரு டைல், அதன் பெயர் விதை. மற்றவை மிதந்து வந்து ஒட்டும். 'வெப்பநிலை 2' என்றால், பொருந்தும் பசைகளின் மொத்த வலிமை 2 இருந்தால்தான் டைல் நிற்கும், இல்லாவிட்டால் கழன்றுவிடும்.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வலிமை 1 உள்ள டைலுக்கு இரண்டு பக்கத்து டைல்களின் சம்மதம் வேண்டும். இரண்டையும் 'படித்து' ஒரு முடிவு எடுப்பதுதானே கணக்கு?

அட்டையை வெட்டியே இதைச் செய்து பார்க்கலாம். கீழ் விளிம்பும் இடது விளிம்பும் ஒரே எண்ணாக இருந்தால் விடை 0, வேறாக இருந்தால் 1. அந்த விடையை மேல், வலது விளிம்புகளில் எழுதுங்கள். மொத்தம் நான்கே வகை. அடி வரிசையும் இடது ஓரமும் முழுக்க 1 என்று வைத்து நிரப்பி, விடை 1 வந்த அட்டைகளுக்கு வண்ணம் அடியுங்கள். முக்கோணத்துக்குள் முக்கோணமாக சியர்பின்ஸ்கி வடிவம் எழும்! இதையே 2004-ல் ராத்மண்ட், பாபடாகிஸ், வின்ஃப்ரீ மூவரும் டிஎன்ஏ டைல்களால் வளர்த்துக் காட்டினார்கள். 1 முதல் 10 சதவீதம் வரை பிழையும் வந்தது.

இப்போது கோலத்துக்கு வாருங்கள். கோலம் போடுபவர் மனதில் முழுப் படமும் இருக்கிறது. டைலுக்குப் பக்கத்து டைல் மட்டுமே தெரியும். முழுப் படம் யாருக்கும் தெரியாது. கொங்கு நாட்டு விசைத்தறிக்குக்கூட, எந்த இழை மேலே எந்த இழை கீழே என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஆக, கோலமும் இதுவும் ஒன்றல்ல.

அப்படியானால் கோலத்தில் கணிதமே இல்லையா? உண்டு. ஆனால் அதை வெளியே கொண்டுவந்தது பெருமைப் பேச்சு அல்ல, உழைப்பு. 1974-லேயே கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலங்களை உருவாக்கும் விதிகளை 'வரிசை இலக்கணம்' என்று கட்டுரையாக எழுதினார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வேரூன்றிய ஆய்வு அது. "எவ்வளவு அழகு!" என்பதோடு அவர்கள் நிற்கவில்லை, "எந்த விதி இதை உண்டாக்குகிறது?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விதான் இன்று வகுப்பறையில் காணாமல் போயிருக்கிறது. கணினிக் கோட்பாடு என்றாலே தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் தாள் என்று ஆகிவிட்டது. டைல் கணிதத்துக்கு ஆய்வகம் வேண்டாம், விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வேண்டாம். அன்னூர் அரசுப் பள்ளி மாணவிக்கும் நான்கு வகை அட்டையும் ஒரு மணி நேரமும் போதும். புள்ளிக்கோலம் போடும் கைக்கு இது அந்நியமாகவும் இருக்காது.

முன்னோர் எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொன்னால், அவளுக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. கையில் அட்டையைக் கொடுத்தால்? யோசியுங்கள் நண்பர்களே!