பூட்டு போட்டது யார் வீட்டுக்கு?

ஊர் கூடித்தான் தேர் இழுக்கிறது. ஆனால் தேர்க் கொட்டகையின் சாவி நாலு பேர் கையில் இருக்கிறது. ஒருநாள் அந்த நாலு பேர் சேர்ந்து, "தேர் எங்களுடையது, நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்றால் ஊர் என்ன செய்யும்?

இது கற்பனை அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்ற ஊரில் 1999-ம் ஆண்டு அப்படியே நடந்தது. அங்கே இழுத்தது தேர் அல்ல, ஒரு ரேடியோ நிலையம். பெயர் கே.பி.எப்.ஏ.

மானேஜரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கேள்வி கேட்டவரை அனுப்பினார்கள். கடைசியில் நிலையத்துக்கே பூட்டு போட்டார்கள். ஊரே தெருவுக்கு வந்தது!

நேயர் காசில் ஓடிய நிலையம்

அந்த நிலையம் 1949-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆரம்பித்தவர் லூயிஸ் ஹில். இரண்டாம் உலகப்போரில் துப்பாக்கி தூக்கமாட்டேன் என்று மறுத்தவர். விளம்பரமும் வேண்டாம், சர்க்கார் தயவும் வேண்டாம், கேட்கிறவர்கள் சந்தா கொடுத்தால் போதும் என்பது அவர் திட்டம். "பசிபிகா பவுண்டேஷன்" என்ற லாப நோக்கமில்லாத அமைப்பின் பெயரில் நிலையம் நடந்தது.

அடுத்த வருடமே, 1950-ல், காசு இல்லாமல் நிலையம் வாயை மூடிக்கொண்டது. யார் காப்பாற்றியது? பெரிய கம்பெனியா? இல்லை. நேயர்கள்தான் வசூல் பண்ணினார்கள். 1951-ல் மறுபடி குரல் கேட்டது.

பிறகு பசிபிகா வளர்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், ஹூஸ்டன், வாஷிங்டன் என்று மொத்தம் 5 நிலையங்கள். எல்லா லைசென்சும் ஒரே அமைப்பின் பெயரில். அந்த அமைப்புக்கு மேலே ஒரு டைரக்டர்கள் போர்டு. வினை அங்கேதான் தொடங்கியது.

கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டார்கள்

அதுவரை ஒவ்வொரு ஊர் நிலையத்திலும் ஓர் உள்ளூர் ஆலோசனைக் குழு இருந்தது. அந்தக் குழுக்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தலைமை போர்டுக்கு அனுப்பும். ஊர்க்காரனுக்கு இருந்த ஒரே ஜன்னல் அது.

1999 பிப்ரவரியில் அந்த ஜன்னலையும் சாத்தினார்கள். இனி போர்டு உறுப்பினர்களை போர்டே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்று தீர்மானம்! சர்க்கார் மானியம் தரும் பொது ஒலிபரப்புக் கழகத்தின் விதி, ஆலோசனைக் குழுவும் ஆட்சிக் குழுவும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது என்கிறது, அதனால்தான் இப்படிச் செய்தோம் என்று காரணம் சொன்னார்கள்.

சரி, காரணம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் விளைவு என்ன? என்னை நான் நியமிப்பேன், என் நண்பனை நான் நியமிப்பேன், நீ சந்தா மட்டும் கட்டு! இதற்குப் பெயர் பொது ஸ்தாபனமா?

அடுத்த மாதமே கத்தி விழுந்தது. மார்ச் 31-ந் தேதி நிலையத்தின் ஜெனரல் மானேஜர் நிக்கோல் சவாயாவின் வேலை போனது. ஊழியர்களுக்கும் நேயர்களுக்கும் அவர்மேல் நல்ல மதிப்பு. போர்டு சொன்ன விளக்கம் யாருக்கும் விளங்கவில்லை. நிலையத்தின் 50-வது ஆண்டு விழாவுக்கு சரியாக 15 நாள்தான் பாக்கி. பந்தல் போடும் நேரத்தில் வீட்டுக்காரியை வெளியே அனுப்பிய கதை!

வாயைத் திறந்தால் வேலை காலி

லாரி பென்ஸ்கி என்பவர் அந்த நிலையத்தில் பேர்பெற்ற செய்தியாளர். சவாயாவை ஏன் நீக்கினீர்கள் என்று ஒலிபரப்பிலேயே பேசினார். ஏப்ரலில் அவரையும் நீக்கினார்கள். உள்வீட்டு விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்பது விதியாம்.

இது உள்வீட்டு விஷயமா? மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து சந்தா அனுப்பியவனுக்கு, தன் காசில் நடக்கும் நிலையத்தில் என்ன நடக்கிறது என்று தெரியக்கூடாதா?

போர்டின் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். அப்போது போர்டின் தலைவி மேரி பிரான்சஸ் பெர்ரி. அமெரிக்க சிவில் உரிமைக் கமிஷனுக்கும் அவரே தலைவி. சாதாரண ஆள் அல்ல. நிலையத்தைக் கேட்கிறவர்கள் குறைவு, வயதான வெள்ளைக்காரர்களே அதிகம், புதிய மக்களிடம் போகவேண்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் நல்ல காரணம் இருந்தால் ஜனங்களிடம் வந்து சொல்லலாமே! கூட்டம் போட்டுப் பேசலாமே! பேசியவர்களை வேலையை விட்டு அனுப்புவது எந்த ஊர் சீர்திருத்தம்?

ஈமெயில் குட்டு உடைந்தது

ஜூலையில் வந்தது பெரிய குண்டு. ஹூஸ்டனைச் சேர்ந்த ஒரு போர்டு உறுப்பினர் தலைவிக்கு எழுதிய ஈமெயில், தவறுதலாக மீடியா அலையன்ஸ் என்ற வெளி அமைப்புக்குப் போய்விட்டது. அதில் இருந்த விஷயம், கே.பி.எப்.ஏ.வையோ நியூயார்க் நிலையத்தையோ விற்றால் என்ன என்ற யோசனை! பெர்க்லி நிலையத்தின் அலைவரிசைக்கு மட்டும் ஆறரைக் கோடி டாலருக்கு மேல் விலை மதிப்பு போட்டிருந்தார்.

அரை நூற்றாண்டாக ஜனங்கள் பத்தும் இருபதுமாகக் கொடுத்து வளர்த்த மரத்துக்கு, மேலே இருந்தவர் விறகு விலை பேசிக்கொண்டிருந்தார்!

ஜூலை 13-ந் தேதி டென்னிஸ் பெர்ன்ஸ்டீன் என்ற நிகழ்ச்சியாளர் அந்த விஷயத்தை ஒலிபரப்பினார். உடனே வெளியேறச் சொன்னார்கள். அவர் மறுத்தார். காவலாட்கள் சூழ்ந்தார்கள். அவர் போட்ட கூச்சல் அப்படியே ரேடியோவில் போனது. வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர்களும் காரில் போய்க்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள். சற்று நேரத்தில் நேரடி ஒலிபரப்பு நின்றது. பழைய டேப் ஓட ஆரம்பித்தது.

ஜனங்கள் நிலையத்தை நோக்கி ஓடி வந்தார்கள். அன்று இரவு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். ஊழியர்களை உள்ளே விடவில்லை. நேயர்கள் காசில் எழுந்த கட்டிடத்துக்குக் கூலிக் காவல்!

10 ஆயிரம் பேர் ஊர்வலம்

இங்கேதான் ஊர் தன் பலத்தைக் காட்டியது. நிலையத்தின் முன்னால் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். ஜூலை 31-ந் தேதி சுமார் 10 ஆயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். ஒரு ரேடியோ நிலையத்துக்காக! கட்சி கூப்பிடவில்லை. லாரி வைத்து ஆள் ஏற்றவில்லை. தினமும் கேட்ட குரல் நின்றுபோனதால் வந்த கூட்டம் அது.

போர்டு பணிந்தது. ஆகஸ்டு 5-ந் தேதி ஊழியர்கள் உள்ளே போனார்கள். மூன்று வாரத்துக்குமேல் பூட்டிக் கிடந்த கதவு திறந்தது.

ஆனால் சட்டம் மாறவில்லை. போர்டு அப்படியே இருந்தது. சவாயாவுக்கு அந்த நாற்காலி திரும்பக் கிடைக்கவில்லை. ஊர்வலம் கதவைத் திறக்கும், விதியைத் திருத்தாது. இதை நேயர்கள் புரிந்துகொண்டார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். 2001 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. பழைய போர்டின் ஆட்சி முடிந்தது. 2003-ல் புதிய விதிகள் வந்தன.

அந்த விதி எளிமையானது. வருடத்துக்கு 25 டாலர் சந்தா கொடுத்தவருக்கு ஓட்டு உண்டு. காசு இல்லையா? 3 மணி நேரம் நிலையத்தில் இலவசமாக வேலை செய்தாலும் ஓட்டு உண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும் 24 பேர் கொண்ட உள்ளூர் போர்டு. அதில் 18 பேர் நேயர்கள் தேர்ந்தெடுப்பவர்கள், 6 பேர் ஊழியர்கள் தேர்ந்தெடுப்பவர்கள். தலைமை போர்டுக்கு ஆள் அனுப்புவதும் அவர்களே.

ஓட்டு வந்தால் எல்லாம் சரியா?

அப்படிச் சொன்னால் பொய் சொன்னதாகும். ஓட்டு வந்தது, கோஷ்டியும் வந்தது. 2007-ல் சவாயாவையே பசிபிகா முழுவதற்கும் நிர்வாக டைரக்டராகக் கூப்பிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் அவர் விலகிவிட்டார். 2017-ல் நியூயார்க் நிலையம் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்துக்கு வாடகை பாக்கி வைத்து, சுமார் 18 லட்சம் டாலர் கொடுக்கும்படி தீர்ப்பு வாங்கியது. 2019 அக்டோபரில் அதே நியூயார்க் நிலையத்தின் ஊழியர்களைத் தலைமை திடீரென்று வெளியேற்றியது. கோர்ட்டு தலையிட்ட பிறகு ஒரு மாதத்தில் உள்ளூர் நிகழ்ச்சிகள் திரும்பின.

"பார்த்தீர்களா, ஜனங்களிடம் கொடுத்தால் இப்படித்தான்" என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சண்டை போடுகிற குடும்பத்துக்கு வீடாவது மிஞ்சியிருக்கிறது. அன்று 10 ஆயிரம் பேர் தெருவுக்கு வராமல் இருந்திருந்தால் சண்டை போடவாவது நிலையம் இருந்திருக்குமா?

இன்னொரு சம்பவம். 2012 ஜூனில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் முதல் பெண் தலைவர் தெரசா சல்லிவனை ஆட்சிக் குழு ராஜினாமா செய்ய வைத்தது. ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் திரண்டார்கள். ஜூன் 10-ந் தேதி அறிவித்த ராஜினாமா, ஜூன் 26-ந் தேதி ரத்து. அதே குழுதான் ஒரு குரலாக ஓட்டுப்போட்டு அவரைத் திரும்ப உட்கார வைத்தது!

ஒரு இடத்தில் ஆள் திரும்பினார். இன்னொரு இடத்தில் ஆள் திரும்பவில்லை, விதி மாறியது. எது பெரிது என்று கேட்டால், நாம் விதி பக்கம்தான் கை தூக்குவோம். நல்ல மானேஜர் இன்றைக்கு இருப்பார், நாளைக்குப் போவார். ஓட்டு இருந்தால் அடுத்தவரையும் ஊரே கேள்வி கேட்கலாம்.

லாப நோக்கமில்லாத அமைப்புக்கு முதலாளி கிடையாது, பங்குதாரர் கிடையாது. போர்டில் இருப்பவர்கள் சொத்துக்குக் காவல்காரர்கள், சொந்தக்காரர்கள் அல்ல. இது அவர்களுக்கு மறந்துபோவதில் ஆச்சரியம் இல்லை. சந்தா கட்டுகிறவர்களுக்கும் மறந்துபோவதுதான் ஆபத்து.

ரசீது வாங்கி சட்டைப்பையில் போட்டால் மட்டும் போதாது. பொதுக்குழு எப்போது, ஓட்டு யாருக்கு, விதியைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் என்று இன்றைக்கே கேட்டு வைக்கவேண்டும். பெர்க்லிக்காரர்கள் பூட்டு விழுந்த பிறகுதான் கேட்டார்கள். இரண்டரை வருடம் தெருவிலும் கோர்ட்டிலும் அலைந்தார்கள்.

மற்றவர்களாவது பூட்டு விழுமுன் கேட்கட்டும்!