வாடகைத் துப்பாக்கியும் பழைய கோட்டும்

இங்கிலாந்தில் குடும்பத்துடன் வசித்துவரும் வாசகச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய பத்தொன்பது வயது மகன், இரண்டாம் உலகப் போர்க்கால வீரர்களைப்போல் உடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டில் சேர விரும்புகிறானாம். துப்பாக்கி, சீருடை, காலணி, தலைக்கவசம் என்று அவன் நீட்டிய பட்டியலைக் கண்டு தாயார் மலைத்துப் போயிருக்கிறார். இது தேவைதானா, தேவையென்றால் குறைந்த செலவில் முடியாதா என்பது அவர் கேள்வி.

தேவையா என்பதை வீட்டார் கூடிப் பேசித் தீர்மானித்துக்கொள்ளட்டும். செலவைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: அந்தப் பட்டியலில் பெரும்பகுதியை இப்போது வாங்கவே வேண்டாம்.

ஏர்சாஃப்ட் எனப்படும் இவ்விளையாட்டு ஜப்பானில் தோன்றியது. அசல் துப்பாக்கியின் தோற்றத்தில் செய்த கருவியால் 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடுவார்கள். குண்டு பட்டவர் தாமே கையை உயர்த்தி ஒப்புக்கொண்டு விலக வேண்டும். சாயக் குண்டைப்போல் இது உடையில் கறை விடுவதில்லை. ஆகவே பட்டதற்குச் சாட்சி பெரும்பாலும் பட்டவர்தாம். மகனின் நாணயத்தை அறிய விரும்பும் தாய்க்கு இது நல்லதொரு தேர்வுக்கூடம்!

பிரிட்டனில் 2006ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம், அசலைப் போன்ற போலித் துப்பாக்கிகளின் விற்பனைக்குத் தடை விதித்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு எவ்வகைப் போலித் துப்பாக்கியும் விற்கலாகாது. ஆயினும் ஏர்சாஃப்ட் ஆட்டக்காரர்களுக்கு விலக்கு உண்டு. அதை நிரூபிக்கும் வழக்கமான வழி, பதிவு பெற்ற மைதானம் ஒன்றில் 56 நாள்களுக்குக் குறையாத கால இடைவெளியில் 3 ஆட்டங்கள் ஆடி, யுகாரா என்னும் பதிவேட்டில் எண் பெறுவதாகும். எண் இல்லாதவருக்குப் பெரும்பகுதி பளிச்சென்ற வண்ணம் பூசிய கருவிதான் கிடைக்கும். பொறுமையிழந்த இளைஞர்கள் அதையே வாங்கிவிடுகிறார்கள். நீல வண்ணத் துப்பாக்கியோடு 1944ஆம் ஆண்டுப் போர்வீரனாக எப்படி நிற்பது? பணம் வீண். அந்த 3 ஆட்டங்களுக்கும் மைதானத்திலேயே கருவியை வாடகைக்கு எடுத்துக்கொள்வதே முறை. ஆசை நிலைக்குமா, நீர்த்துவிடுமா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

முதலில் காசு கொடுத்து வாங்க வேண்டியது கண் காப்புதான். 0.20 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 1 ஜூல். தொடர்ந்து சுடும் கருவிகளுக்கு 1.3 ஜூலும், ஒவ்வொன்றாகச் சுடுபவைக்கு 2.5 ஜூலும் அங்குச் சட்டம் விதித்துள்ள உச்சவரம்பு. தோலில் பட்டால் தழும்பும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். படிக்கும் கண்ணாடி இதற்குப் போதாது. முகத்தோடு இறுகப் பொருந்தி, மோதலைத் தாங்குமென்று சான்று பெற்ற காப்பு வேண்டும். வேறெதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள், சகோதரி.

உடைக்கு வருவோம். திரைப்படம் பார்த்த பிள்ளைகள் எல்லாருக்கும் அமெரிக்கப் பாராசூட் வீரராகத்தான் ஆசை. அந்த உடுப்பு முழுமையாகச் சேர வேண்டுமானால் பை காலியாகும். எனது யோசனை வேறு. ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துக் காடு மலைகளில் மறைந்து போரிட்ட பிரெஞ்சு மக்கள் 'மக்கி' என அழைக்கப்பட்டனர். அவர்களிற் பலருக்குச் சீருடை ஏது? பழைய கம்பளிக் கோட்டு, முரட்டுக் காற்சட்டை, பெரே தொப்பி, தோல் காலணி, கையில் ஒரு பட்டை, அவ்வளவே. தர்மக் கடைகளில் தேடினால் பெரும்பாலானவை கிடைத்துவிடும். நைலானும் பளபளக்கும் ஜிப்பும் மட்டும் கூடாது. சில நிகழ்ச்சிகளில் குறிப்பிட்ட படைப்பிரிவின் உடையையே கேட்பார்கள். அமைப்பாளரிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். ஜெர்மானிய எஸ்.எஸ். சின்னங்களை அணியும் ஆசை மட்டும் நம் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம்.

அந்த மக்கிகளுக்கு பிரிட்டன் விமானத்திலிருந்து இறக்கிய ஆயுதங்களுள் ஸ்டென் முக்கியமானது. 1940இல் டன்கர்க்கில் பெருமளவு ஆயுதங்களை இழந்த பிரிட்டன், அவசரத்துக்கு மலிவாகச் செய்துகொண்ட துப்பாக்கி அது. வெறும் இரும்புக் குழாய்போல் இருக்கும். சுமார் 40 இலட்சம் செய்தார்கள். அதன் ஏர்சாஃப்ட் நகலும், மரக்கட்டை பொருத்திய லீ-என்ஃபீல்ட் நகலைவிடப் பொதுவாக விலை குறைவு. ஆட்டத்தை விட்டு விலகுவோரிடம் பழையதாக வாங்கினால் இன்னும் மிச்சம். ஆனால் ஒரு தடவை சுட்டுப் பார்க்காமல் வாங்கலாகாது.

அந்த பிரான்சு நாட்டுக்கு 1943ஆம் ஆண்டு ஜூனில் கம்பியில்லாத் தந்தி இயக்குநராக இரகசியமாக அனுப்பப்பட்டவர் நூர் இனாயத் கான். திப்பு சுல்தானின் வழிவந்தவர். சூஃபி ஞானி இனாயத் கானின் மகள். பிடிபட்டு, 1944 செப்டம்பரில் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டபோது வயது முப்பது. கோட்டை அணிந்துகொள்ளுமுன் மகன் அவர் வரலாற்றைப் படிக்கட்டும். அதற்கு நூலகத்தில் செலவே இல்லை.

இனி ஓர் எச்சரிக்கை. பொது இடத்தில் தக்க காரணமின்றிப் போலித் துப்பாக்கி வைத்திருப்பது 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி அங்குக் குற்றமாகும். தொலைவில் நிற்கும் காவலருக்கு அசலும் நகலும் ஒன்றே. ஆகவே குண்டுகளை நீக்கி, மின்கலத்தைக் கழற்றி, மூடிய பையிலிட்டு, காரின் பின்பெட்டியில் வைத்தே மைதானத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் எடுத்துக் காட்டுவதும், அண்டை வீட்டுச் சிறுவர்களிடம் கொடுத்துப் பார்ப்பதும் அறவே கூடாது.