வாலைப் பிடித்தால் போதுமா?

தில்லி லக்ஷ்மிபாய் நகரின் அரசுக் குடியிருப்புவாசிகளுக்குப் பதிவேடு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. எந்தக் கடிதம் எப்போது வந்தது, எந்த மேஜைக்குப் போனது என்பதை ஆபீஸ் டைரி சொல்லிவிடும். கம்ப்யூட்டரும் அப்படியொரு டைரி எழுதுகிறது. பெயர் லாக். யார் எத்தனை மணிக்கு நுழைந்தார், எந்த புரோகிராம் ஏன் நின்றது என்பதெல்லாம் வரி வரியாக அதில் இருக்கும்.

அதன் அருமை விபத்துக்குப் பிறகுதான் தெரியும். 2022 நவம்பர் 23 அன்று, அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. பாதிக்கப்பட்டவை 5 சர்வர்கள். பூட்டப்பட்ட தகவல் சுமார் 1.3 டெராபைட் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. நோயாளிகளின் பதிவு பல நாட்கள் கையெழுத்தில் நடந்தது. இத்தகைய நேரங்களில் நிபுணர்கள் முதலில் தேடுவது லாக்கைத்தான். அதே ஆண்டு ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவும் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கிறது.

வைத்திருப்பது வேறு, படிப்பது வேறு. லினக்ஸில் 'டெயில்', அதாவது வால் என்ற கட்டளை, ஃபைலின் கடைசி 10 வரிகளைக் காட்டும். '-எஃப்' சேர்த்தால் புதிய வரிகள் விழ விழத் திரையில் ஓடும். ஆனால் ஃபைல் இருக்கும் இடத்தின் நீண்ட விலாசத்தை தினமும் யார் டைப் செய்வது? அதற்குத்தான் 'ஏலியாஸ்'. 1970களின் இறுதியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில் இருந்த இந்த வசதி, 1989-ல் வந்த பாஷிலும் உண்டு. நீளமான கட்டளைக்கு இரண்டெழுத்துப் பட்டப்பெயர் சூட்டி, 'பாஷ்ஆர்சி' ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டால் அது நிலைத்துவிடும்.

பார்ப்பதற்கு இந்தக் குறுக்குவழி அருமை. திருத்துவதற்கு? செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு குறி தவறினாலும் சர்வர் மீண்டும் எழுந்திருக்க மறுக்கலாம். எனவே பட்டப்பெயருக்குள்ளேயே காவலையும் வைப்பது நல்லது. முதலில் ஃபைலுக்கு ஒரு நகல், அடுத்து திருத்தம், பிறகு சோதனை, கடைசியில்தான் ரீஸ்டார்ட். யாருக்கு என்ன அதிகாரம் என்று சொல்லும் ஃபைலைத் திருத்த உதவும் 'விசூடோ', பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே எச்சரிக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ரெட் ஹாட் லினக்ஸில் நிர்வாகி ஃபைலை அழிக்க முயன்றால் 'அழிக்கட்டுமா?' என்று கேள்வி வரும். கேட்பது கட்டளை அல்ல, அதன் மேல் சூட்டிய ஏலியாஸ். அதற்குப் பழகிய கை வேறு கம்ப்யூட்டரிலும் கேள்வியை எதிர்பார்க்கும். அங்கே கேள்வி வராது. ஃபைல் போயிருக்கும்.

பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடலாம். முழுப்பெயர் மறக்காதவரை ஆபத்தில்லை.