கடைசி பெஞ்சுக்கும் ஒரு கோல்

ஐரோப்பாவின் நேஷன்ஸ் லீக் என்றாலே கால்பந்தின் பெரிய மனிதர்களுக்கு முகம் கோணிவிடுகிறது. 2018-ல் போட்டி ஆரம்பித்த சூட்டிலேயே, அப்போது லிவர்பூல் கோச்சாக இருந்த யுர்கன் க்ளோப், உலகத்திலேயே அர்த்தமில்லாத போட்டி இதுதான் என்றார். 2022-ல் பெல்ஜியத்தின் டி ப்ரூய்ன, தனக்கு இது முக்கியமே இல்லை என்றார். ஆட்டங்கள் அதிகமாம், உடம்பு தாங்கவில்லையாம்.

ரொம்ப சரி. ஆனால், இந்த லீக் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது பழைய நட்பு ஆட்டங்களின் தேதிகளைத்தானே? 2024-ல் சாம்பியன்ஸ் லீகின் முதல் கட்டத்தில் ஆறு ஆட்டத்தை எட்டாக்கினார்கள். 2025-ல் கிளப் உலகக் கோப்பையை 32 அணிகளாக ஊதிப் பெருக்கினார்கள். அங்கே மட்டும் கால் வலிக்காதா சார்?

சான் மரினோவைப் பாருங்கள். மொத்த ஜனத்தொகையே முப்பத்துச் சொச்சம் ஆயிரம். 2006-ல் ஜெர்மனி அவர்கள் ஊருக்கே போய் 13 கோல் போட்டுவிட்டு வந்தது. இதில் ஜெயித்தவனுக்கு என்ன பெருமை? தோற்றவன்தான் என்ன கற்றுக்கொண்டான்?

நேஷன்ஸ் லீக் ஏ, பி, சி, டி என்று வகுப்பு பிரித்து, சமமானவனோடு சமமானவனை மோதவிட்டது. பலன்? 2024 செப்டம்பரில் லிக்டன்ஸ்டைனை 1-0 என்று வென்றது சான் மரினோ. நட்பு ஆட்டமல்லாத போட்டியில் அவர்கள் சரித்திரத்திலேயே முதல் வெற்றி! நவம்பரில் மறுபடி 3-1. டி-யிலிருந்து சி-க்கு பிரமோஷன். இந்த லீக் திறந்த வழியில்தான் ஜார்ஜியா, கிரீஸை பெனால்டியில் சாய்த்து யூரோ 2024-க்குள் முதன்முதலாக நுழைந்தது. நுழைந்ததோடு நிற்கவில்லை, ரொனால்டோவின் போர்ச்சுகலையே 2-0 என்று கவிழ்த்தது. அர்த்தமில்லாத போட்டியா இது? திபிலிசியில் போய்ச் சொல்லிப் பாருங்களேன்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. 2018-ல் ஜெர்மனி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் ஏ பிரிவில் தன் குரூப்பில் கடைசி. விதிப்படி பி-க்கு இறங்கியிருக்க வேண்டும். 2019-ல் என்ன செய்தார்கள்? ஏ பிரிவை 12 அணியிலிருந்து 16 ஆக்கினார்கள். ஜெர்மனியோடு குரோஷியா, போலந்து, ஐஸ்லாந்தும் தப்பின. நட்பு ஆட்டங்களைக் குறைக்கத்தான் இந்த மாற்றம் என்று விளக்கம் வேறு. ஃபெயிலான பையனுக்காக வகுப்பின் சுவரை இடித்துப் பெரிதாக்கின மாதிரி இல்லை?

சரி, ஆட்டங்களைக் குறைத்தே ஆகவேண்டுமா? மேலிருந்து குறையுங்கள். மூன்றாமிடத்துக்கு ஓர் ஆட்டம் எதற்கு? அது காசுக்கான ஆட்டம் என்று 2021-லேயே கோல்கீப்பர் கூர்த்துவா பொருமினார். அதில் நியாயம் இருக்கிறது. 2025 மார்ச்சில் புதிதாகச் சேர்த்த காலிறுதிகளையும் தூக்குங்கள்.

சி, டி பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள். உங்களுக்கு அது களைப்பு. அவர்களுக்கு அதுதான் கால்பந்து.