பாரணை இல்லாத விரதம்

ஞாயிற்றுக்கிழமை காலை தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனால் தெரிந்த தமிழ் முகம் ஒன்றாவது கண்ணில் படாமல் திரும்ப முடியாது. ஒரு கடையில் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழையிலை, நேந்திரங்காய் வறுவல். அடுத்த கடையில் ப்ராக்கலி, அவகாடோ, கீன்வா. சற்றுத் தள்ளி மீன் சந்தின் ஈரமும் வாடையும். பையைக் கீழே வைக்காமலே டிரான்ஸ்ஃபர், கல்யாணம், பிள்ளைகளின் மார்க் எல்லாம் பேசி முடிந்துவிடும். அங்கே நான் அதிகம் கேட்டிருக்கும் பாராட்டு இதுதான்: "என்னடி, பாதியா இளைச்சுட்டே! சூப்பரா இருக்கே. என்ன பண்றேன்னு எங்களுக்கும் சொல்லேன்."

அப்படிப் பாராட்டு வாங்கிய ஒரு கல்லூரிப் பெண்ணின் அம்மா, மற்றவர்கள் நகர்ந்ததும் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ராத்திரிக்கு ஒரே ஒரு ஃபுல்கா. அதையும் பிச்சுப் பிச்சு அரை மணி நேரம் வச்சுண்டிருக்கா. மூணு மாசமா பீரியட்ஸ் வரலை. டாக்டர்கிட்ட கூட்டிண்டு போனா, வெயிட் கரெக்டா இருக்கே, எதுக்குக் கவலைங்கறார்."

எலும்பும் தோலுமாக இருந்தால்தான் அது உணவை ஒடுக்கும் நோய், பார்க்க நன்றாக இருந்தால் நோயில்லை என்ற நம்பிக்கை அந்த அம்மாவைச் சுற்றியிருந்த எல்லோரிடமும் இருந்தது. ஒரு காலத்தில் என்னிடமும் இருந்தது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1874-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயர் சூட்டிய கட்டுரையில், வற்றிப்போன பெண்களின் படங்களையும் சேர்த்தே அச்சிட்டார். பெயரோடு படமும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடு, எதிர்பார்க்கப்படும் எடையில் 85 சதவீதத்துக்குக் கீழே என்று ஓர் உதாரண அளவைச் சொல்லப்போக, நடைமுறையில் அதுவே வாசற்படி ஆனது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்புதான், மற்ற எல்லா அறிகுறிகளும் இருந்து, எடையும் நிறையக் குறைந்து, ஆனாலும் 'சாதாரண' எடையிலோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு 'அட்டிபிக்கல் அனோரெக்சியா' என்று தனியாக ஓர் இடம் கொடுத்தது. அட்டிபிக்கல் என்றால் வழக்கத்துக்கு மாறானது. அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ அபூர்வம் என்று எண்ண வைக்கிறது.

"எடை சரியாத்தானே இருக்கு?" என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற வாதங்கள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. கொஞ்சம் கணக்குப் போடுவோம். உயரம் 160 செ.மீ., எடை 78 கிலோ உள்ள ஒரு பெண் எட்டே மாதத்தில் 57 கிலோவுக்கு வருகிறாள் என்று வையுங்கள். அவளுடைய பி.எம்.ஐ. இப்போது 22-ஐச் சற்றுத் தாண்டும். இந்தியர்களுக்கு 23-க்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள், ஆகவே சார்ட்டில் பச்சைக் கட்டத்தில் இருக்கிறாள். ஆனால் அவள் இழந்தது 21 கிலோ, தன் உடம்பில் நாலில் ஒரு பங்குக்கும் மேல்.

நாலில் ஒரு பங்கு என்றால் என்ன என்பதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், போருக்குப் போக மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்களைச் சம்மதத்துடன் 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். அவர்கள் ஏறக்குறைய 25 சதவீத எடையை இழந்தார்கள். நாடித்துடிப்பு விழுந்தது. கோடையிலும் குளிர்ந்தது. எரிச்சலும் சோர்வும் கவ்விக்கொண்டன. அவர்களை எவரும் "சூப்பரா இருக்கே" என்று சொல்லவில்லை, விலா எலும்பு தெரிந்ததால். நம் பெண்ணுக்கும் அதே அளவு இழப்புதான், ஆனால் ஆரம்பித்த இடம் உயரம் என்பதால் விலா தெரியவில்லை.

உடம்புக்குப் பி.எம்.ஐ. சார்ட் தெரியாது. எவ்வளவு வேகமாக எவ்வளவு இறங்கினோம் என்பதுதான் அதற்குத் தெரியும். அமெரிக்காவில் இந்த நோயுள்ள பதின்பருவத்தினரையும் இளைஞர்களையும் வைத்து நடத்தி 2019-ல் வெளியான ஓர் ஆய்வு இதையே காட்டியது: சிகிச்சைக்கு வந்தபோது எடை என்னவாக இருந்தாலும், அதிகமாகவும் வேகமாகவும் இழந்தவர்களின் இதயத்துடிப்பே தாழ்ந்திருந்தது. 'சாதாரண' எடையில் இருந்தவர்களின் மன வேதனையும் மெலிந்தவர்களுடையதைவிடக் குறைவாக இல்லை.

"குண்டா இருந்தவ இளைச்சா நல்லதுதானே?" சர்க்கரை வியாதியும் கொழுப்பும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம்மிடையே இதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. எடை குறைப்பவர் எல்லோரும் நோயாளி இல்லை, மருத்துவர் சொல்லிக் குறைப்பவர்களும் உண்டு. நிறுத்த முடிகிறதா என்பதில்தான் வித்தியாசம். பிறந்த நாள் கேக்கில் ஒரு துண்டு தின்றுவிட்டுச் சும்மா இருக்க முடிகிறதா, அல்லது மறுநாள் முழுப் பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டியிருக்கிறதா? இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. பட்டினியால் மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கு, உடம்பு பூசினாற்போல் இருக்கிற ஒரே காரணத்தால் பி.சி.ஓ.டி. என்று சீட்டு எழுதி, "இன்னும் அஞ்சு கிலோ குறை" என்று அனுப்பிவிட முடியும். நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுப்பது அது.

"ரத்தம் டெஸ்ட் பண்ணியாச்சு, எல்லாம் நார்மல்." உடம்பு கெட்டிக்காரத்தனமாகச் சமாளிக்கும், தசையை எரித்தாவது ரத்தத்தின் உப்புகளைக் கடைசி வரை காப்பாற்றப் பார்க்கும். ரிப்போர்ட் சுத்தமாக இருப்பதை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது. அதைவிட அதிகம் சொல்லக்கூடியது செலவில்லாத ஒரு சோதனை: படுத்திருக்கும்போது நாடியை ஒரு நிமிடம் எண்ணிவிட்டு, எழுந்து நின்ற பின் மறுபடி எண்ணுவது. விளையாட்டு வீராங்கனையாக இல்லாத ஒரு பெண்ணுக்குப் பகலில், விழித்திருக்கும்போதே 50-க்குக் கீழே துடித்தால், நின்றவுடன் துடிப்பு எகிறிக் கண் இருட்டினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"சாப்பாட்டுல ஆசை இல்லாதவளா? வீட்டுக்கே அவதான் சமைக்கிறா." மினசோட்டா இளைஞர்கள் பட்டினி முற்றியபோது என்ன செய்தார்கள் தெரியுமா? சமையல் புத்தகம் சேர்த்தார்கள். அதுவரை அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஐ.என்.ஏ.யில் வாழைப்பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் உசிலி பண்ணிப் போட்டுவிட்டு, "எனக்கு அப்புறம்" என்று எழுந்து போகும் பெண்ணிடம் ஆசைக்குக் குறைவில்லை. பசித்த மூளை சாப்பாட்டைத் தவிர வேறொன்றையும் நினைக்க விடாது.

அடுத்த வாதத்தை அம்மாக்களைவிடப் பாட்டிகளே அதிகம் சொல்கிறார்கள்: "விரதம் இருக்கா, பாவம், பக்தி ஜாஸ்தி." நம் வீடுகளில் ஏகாதசி, சஷ்டி, வெள்ளிக்கிழமை. தில்லிக்கு வந்தபின் இரண்டு நவராத்திரிகளிலும் அரிசி, கோதுமை தவிர்க்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. போதாக்குறைக்குப் பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் நவீன விரதம். 1989-ல் வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் மேலை நாட்டு வினாத்தாளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், மத விரதம் விடைகளைக் குழப்புவதைக் கண்டார்கள். விரதம் நோய்போலக் கணக்கில் ஏறியது. நாம் அதையே தலைகீழாகச் செய்கிறோம், நோயை விரதக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

பிரித்தறியும் வழியை நம் பஞ்சாங்கமே வைத்திருக்கிறது. ஏகாதசிக்கு அடுத்த நாள் துவாதசி, அன்று பாரணை. அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியுமாகச் சாப்பிட்டே ஆக வேண்டும். பாரணை இல்லாவிட்டால் விரதமே பூர்த்தியாகாது என்பார்கள் பெரியவர்கள். பாரணை அன்று அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். எல்லோருடனும் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டால் அது விரதம். துவாதசியன்று "வயிறு சரியில்லை", மறுநாள் பிரதோஷம், அதற்கடுத்து வெள்ளிக்கிழமை என்று பட்டினி நீண்டுகொண்டே போய், ஒரு வேளை கூடச் சாப்பிட வைத்தால் அழுகையும் சண்டையும் வந்தால், அங்கே சாமிக்கு வேலை இல்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரா வியாதி, பணக்கார வியாதி." இதைச் சொல்பவர் ஐ.என்.ஏ.யில் நிற்கிறார் என்றால், மெட்ரோவில் அடுத்த நிறுத்தம் எய்ம்ஸ் என்பதை நினைவூட்டுவேன். அங்கிருந்த மனநல மருத்துவர்கள் 1995-லேயே ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுப்பு, ஓயாத வாந்தி, மாதவிடாய் நின்றது, எடை மிகவும் குறைந்தது. ஆனால் தன் உடம்பைப் பருமனாகப் பார்க்கும் அந்தப் பாடப்புத்தக அடையாளம் அவர்களிடம் இல்லை. அந்த ஐவரும் மெலிந்தவர்கள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அவர்களை இங்கே அழைப்பது வேறொன்றுக்காக: நம் பெண்கள் "குண்டாயிடுவேன்" என்று சொல்லாமல், "வயிறு உப்புது, இறங்க மாட்டேங்குது" என்று சொல்லக்கூடும். ஹாங்காங்கிலும் இதே போன்ற நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் முதலில் போவது வயிற்று மருத்துவரிடம். எண்டோஸ்கோபி, அசிடிட்டி மாத்திரை என்று மாதங்கள் ஓடும். அதே 1995-ல் சென்னையில் 210 மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வில் 31 பேருக்கு, முழு நோய் என்று சொல்ல முடியாவிட்டாலும், உணவு சார்ந்த தவிப்பு இருந்தது. முப்பது வருடம் முன்பு, இன்ஸ்டாகிராம் இல்லாத சென்னையில்.

பையன்களை யாரும் சந்தேகிப்பதே இல்லை. ஜிம்முக்குப் போகிறான், கார்ப் தொடமாட்டான், அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறோம்.

அந்த அம்மாவிடம் நான் அன்று சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ஓ.பி.டி.யில் டாக்டர் எடை போட்டவுடன், சீட்டில் இன்னும் இரண்டு விஷயங்களையும் எழுதச் சொல்லுங்கள்: வாழ்நாளில் அதிகபட்சமாக இருந்த எடை, அதிலிருந்து எத்தனை மாதத்தில் இங்கே வந்தாள் என்பது. நாடியைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். ஈ.சி.ஜி. கேளுங்கள். மனநல மருத்துவர் ஒருவரும் உணவு ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து பார்க்கும் இடமாகத் தேடுங்கள், எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்குப் போன் பண்ணுங்கள். பயந்துபோய் வீட்டிலேயே நெய்யும் பாலுமாக ஒரே நாளில் ஊட்டிவிடாதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறக்கூடும், அதனால் மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

"மார்க்கெட்ல எல்லாரும் நன்னா இருக்கேன்னு சொல்றாளே, அதுக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். அடுத்த சில வாரம் காய் வாங்க அவளைக் கூட்டிவர வேண்டாம் என்றேன். அந்தப் பாராட்டைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி என்பதை அப்போது அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.