திருகு இல்லாத பெட்டிகள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பது இன்று சாதாரணம். விடுமுறைக்கு வரும்போது முன்பெல்லாம் துணிமணி, கைக்கடிகாரம், டேப் ரிக்கார்டர் என்று கொண்டு வந்தார்கள். இப்போது அறைக்கு ஒன்றாக வைக்கும் கம்பியில்லா ஸ்பீக்கர்களை வாங்கி வருகிறார்கள். கூடத்தில் போடும் பாட்டு சமையலறையிலும் பூஜை அறையிலும் மாடியிலும் ஒன்றாகக் கேட்கும். நல்ல ஏற்பாடுதான். ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால், "எதை வாங்கலாம் சார்?" என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வயதில் மூத்தவர், கைபேசியும் இணையமும் இல்லாமல், தன் கையாலேயே பாட வைக்க முடிகிற பெட்டியைத்தான் வாங்க வேண்டும். மற்றப் பெருமைகள் எல்லாம் அதற்குப் பிறகு.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், 22 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, ஏறக்குறைய 1100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொன்முடி. அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் மகனுடன் என் நண்பர் ஒருவர் குடும்பமாக இருக்கிறார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வெளிநாட்டில் இருக்கும் மகள் நான்கு ஸ்பீக்கர்கள் அனுப்பியிருந்தாள். கர்க்கடக மழையில் மரக்கிளை விழுந்து இணையக் கம்பி அறுந்தது. நான்கு பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன. அவற்றைப் புதிதாக இயக்கி வைக்கவும் கைபேசிச் செயலி வேண்டும். செயலிக்கு இணையம் வேண்டும். நண்பரின் தாயாருக்கு எண்பதைத் தாண்டிய வயது. பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குத் திருகு எங்கே இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். திருகு இல்லை. அலமாரியில் இருந்த பழைய டிரான்சிஸ்டர் கரகரவென்றாலும் செய்தி சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

மலையில் இது வெறும் பொழுதுபோக்கு விஷயமும் அல்ல. 2022 செப்டம்பரில் மழையில் பொன்முடிப் பாதை இடிந்து போக்குவரத்து நின்றதை நம்மில் பலர் அறிவோம். அப்படிப்பட்ட நாளில் வீட்டில் பேசுகிற பெட்டி ஒன்றாவது வேண்டும். விலை உயர்ந்த நான்கு பெட்டிகள் இருந்தும் வானிலைச் செய்தி கேட்க வழியில்லை என்றால், அது என்ன ஏற்பாடு?

இனி தொழில் விஷயத்துக்கு வருகிறேன். ரயில் நிலைய அறிவிப்பை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நீண்ட பிளாட்பாரத்தில் ஒரே ஒரு பெரிய ஒலிபெருக்கியை வைத்து அலற விட்டால், அருகில் இருப்பவருக்குக் காது வலிக்கும். கடைசியில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். அதை ஈடுகட்ட நான்கு மடங்கு மின்சக்தி வேண்டும். ஆகவே சிறிய ஒலிபெருக்கிகளைப் பலவாகப் பிரித்து வைப்பதுதான் முறை. வீட்டுக்கும் இதுவே பொருந்தும். கூடத்தில் ஒரு பூதம் வேண்டாம். அறைக்கு ஒரு சிறிய பெட்டி போதும்.

ஆனால் பல பெட்டிகள் என்றால் அவை ஒன்றாகப் பேச வேண்டும். ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் செல்கிறது. 34 மீட்டர் தள்ளி இருக்கும் ஒலிபெருக்கியின் சத்தம் பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதமாக நம்மிடம் வரும். பிளாட்பாரத்தில் ஒரே சொல் இரண்டு முறை கேட்பது இதனால்தான். ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு விநாடியைத் தாண்டினாலே காது அதை இரண்டு ஒலியாகப் பிரித்துவிடும். சாதாரண புளூடூத்தில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு விநாடித் தாமதம் வருவது வழக்கம். வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகளை அறைக்கு ஒன்றாக வைத்தால் சமையலறையில் பல்லவி முடிவதற்குள் கூடத்தில் அடுத்த அடி தொடங்கிவிடும். ஆகவே வீடு முழுவதும் கேட்க வைஃபை வழியாக, ஒரே கடிகாரத்தை வைத்து இயங்கும் பெட்டிகளே ஏற்றவை. ஒரே அறைக்கு மட்டும் என்றால் புளூடூத் தாராளமாகப் போதும், பணமும் மிச்சம்.

வைஃபை என்றதும் சுவரைப் பார்க்க வேண்டும். தோட்டத்துப் பழைய வீடுகளில் கருங்கல் சுவர், ஊர்ப்புறத்தில் வெட்டுக்கல், நகரத்தில் கான்கிரீட். கூரையில் தகரம் இருந்தால் அலை அதைத் தாண்டுவது மிகக் கடினம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் விரைவில் களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டி அதிக தூரம் போகும். பாட்டுக்கு அந்த வேகம் போதும். ரூட்டரை வாசல் மூலையிலிருந்து எடுத்து வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். மாடிக்கு எட்டவில்லை என்றால் ஒரு கம்பி இழுத்து அங்கே இன்னொன்று வைப்பதுதான் நம்பகமான வழி. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கம்பியில்லா ஸ்பீக்கர் என்று பெயரே தவிர, பேட்டரி இல்லாத பெட்டிக்கு மின்சாரக் கம்பி வேண்டும். அறையில் பிளக் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நம் பகுதிக்கு இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று ஈரம். மூடுபனி வீட்டுக்குள் வரும் இடத்தில் காகிதக் கூம்பு உள்ள ஸ்பீக்கர் நாளடைவில் தளரும், இணைப்புகளில் களிம்பு ஏறும். பிளாஸ்டிக் வகைக் கூம்பு நல்லது. இரண்டாவது இடி. கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் துலாவர்ஷக் காலத்திலும் பிற்பகலில் மின்னல் அதிகம். மேகம் கறுத்ததும் பெட்டிகளின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். நான்கு பெட்டிகளையும் ரூட்டரையும் ஒரே மின்னலுக்குப் பலி கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வானத்திலிருந்து வருவதல்ல, கம்பெனியிலிருந்து வருவது. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் சோனோஸ் நிறுவனம், தன் பழைய பெட்டிகள் சிலவற்றுக்கு அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு புதிய மென்பொருள் தர மாட்டோம் என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். அதே நிறுவனம் 2024 மே மாதம் செயலியை மாற்றியமைத்தபோது, முன்பு இருந்த பல வசதிகள் காணாமல் போயின. அந்தக் குழப்பத்தின் முடிவில், 2025 ஜனவரியில் அதன் தலைவர் பேட்ரிக் ஸ்பென்ஸ் பதவி விலகினார். போஸ் நிறுவனமும் தன் சவுண்ட்டச் வகைப் பெட்டிகளுக்கான இணையச் சேவையை 2026-ல் நிறுத்தப்போவதாக 2025-ல் அறிவித்தது. பெட்டி கெடவில்லை, கூம்பு கிழியவில்லை. எங்கோ ஒரு கணினியை அணைப்பதால் நம் வீட்டுப் பாட்டு குறைகிறது. முன்பு ஒரு ரேடியோ வாங்கினால், அதைச் செய்த கம்பெனி மூடிப் போனாலும் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து எளியது. பின்பக்கத்தில் கம்பி செருகும் சாதாரண ஆக்ஸ் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையும் புளூடூத்தும் இரண்டும் இருக்கட்டும். ஒரே கம்பெனியின் செயலியை மட்டும் நம்பாமல், ஏர்பிளே, கூகுள் காஸ்ட் போன்ற பொது முறைகளில் ஒன்றாவது வேலை செய்ய வேண்டும். இவை இருந்தால், நாளை கம்பெனி கைவிட்டாலும் பெட்டி குப்பைக்குப் போகாது.

பேச்சைக் கேட்டு இயங்கும் பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். அமேசானின் அலெக்ஸா 2017-ல் இந்தியாவுக்கு வந்தபோது ஆங்கிலம் பேசியது. 2019-ல் இந்தி கற்றது. உங்கள் வீட்டுப் பாட்டி எந்த மொழியில் பேசுவார்? வாங்கும் முன் கடையிலேயே தமிழில் பேசிப் பாருங்கள். பாட்டி சொல்வது பெட்டிக்கு விளங்கவில்லை என்றால், பேரனிடம் கெஞ்சித்தான் அவர் ஒரு பாட்டுக் கேட்க வேண்டியிருக்கும். பள்ளியிலும் தெருவிலும் மலையாளமும் ஆங்கிலமும் கேட்டு வளரும் நம் பேரக் குழந்தைகள் தமிழை முழுதாகக் கேட்கும் இடம் வீடு ஒன்றுதான். காலையில் வீடு முழுவதும் என்ன ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை வீட்டில் தமிழ் நன்றாகத் தெரிந்தவர் கையில் இருக்கட்டும். அந்த உரிமை கைபேசி வைத்திருப்பவருக்கு மட்டும் போய்விட்டால், நாம் வாங்கிய அழகான பெட்டிகள் பெரியவர்களை இன்னும் ஒதுக்கித்தான் வைக்கும்.

சென்னையில் 1930-ல் மாநகராட்சி வானொலி ஒலிபரப்பை ஏற்று நடத்தத் தொடங்கியபோது, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்தது. ரேடியோ வாங்க வசதி இல்லாதவரும் நின்று கேட்டார்கள். எல்லோரும் ஒன்றாகக் கேட்பதற்காக வந்த கருவி அது. வீடு முழுக்கக் கேட்கும் ஏற்பாட்டின் சிறப்பும் அதுவே.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள்: நான்கு பெட்டிகளை ஒரேயடியாக வாங்க வேண்டாம். இரண்டில் தொடங்குங்கள். அதில் ஒன்று அம்மாவின் அறைக்கு. கடையில் ரூட்டரை அணைக்கச் சொல்லுங்கள், உங்கள் கைபேசியைச் சட்டைப் பையில் போடுங்கள். அப்போதும் ஒரு பொத்தானை அழுத்தினால் பாடுகிற பெட்டி எதுவோ, அதற்குப் பணம் கொடுங்கள்.