துவளல் தோல்வியன்று

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் 'தோல்வி கண்டு துவளாதே' என்னும் அறிவுரை தவறாது ஒலிக்கும். நல்லெண்ணத்தில் பிறந்த இவ்வறிவுரையால் 'துவளல்' என்னும் அருந்தமிழ்ச் சொல் தோல்விக்கு மறுபெயராகச் சுருங்கிவிட்டது. இது சொல்லுக்கும் இழப்பு. மாணவர்க்கும் இழப்பு என்பதே நம் கருத்து.

தாழும் நிலைகள் அனைத்தையும் தமிழ் ஒரே சொல்லால் குறிப்பதில்லை. முதுகு வளைந்தே நிற்பது கூனல். தானே விரும்பி வளைவது குனிதல். கட்டிய கயிறு நடுவில் தாழ்வது தொய்தல். கிளை ஒடிவது முறிதல். துவளலோ இவற்றின் வேறானது. கொம்பில்லாக் கொடி துவளும். நீரில்லாச் செடி துவளும். உயிரணுக்களில் நீர் குறைய, அவற்றின் விறைப்புத் தளர்ந்து இலை தொங்குகிறது என்பது தாவரவியல் தரும் விளக்கம். உரிய காலத்தில் வேரில் நீர் வார்த்தால் அச்செடி மீண்டும் நிமிரும். முறிந்தது நிமிராது, துவண்டது நிமிரும். ஆகவே, மீட்சிக்கு இடம் வைத்த சொல் துவளல்.

இப்பொருளைத் திருத்தணியில் கண்கூடாகக் காணலாம். ஆடிக் கிருத்திகையன்று தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் காவடி சுமந்து வருவோர் 365 படிகளை ஏறுகின்றனர். சுமையாலும் வெயிலாலும் கால்கள் துவள்கின்றன. படியோரம் அமர்ந்து இளைப்பாறிப் பின் எழுந்து ஏறுகின்றனர். அதனைத் தோல்வி என்பார் எவருமிலர்.

அவ்வூரின் வரலாறும் அத்தகையதே. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே சேர்ந்த திருத்தணி, ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் போராடியோர் பலமுறை துவண்டிருக்கலாம், முறியவில்லை.

வாடிய செடியை நோக்கித் 'துவளாதே' என்று எவரும் ஆணையிடுவதில்லை, நீர் வார்க்கின்றனர். தலை தாழ்ந்து நிற்கும் மாணவனிடம் மட்டும் ஆணை பிறப்பிப்பது முறையாகுமா? கட்டணமா, பசியா, விளங்காத பாடமா, வீட்டுச் சுமையா, எது அவனைத் துவளச் செய்தது எனக் கேட்டறிதலே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கடன். அறிந்தபின் இயன்றதைச் செய்தல் வேண்டும். சொல்லின் பொருளை வகுப்பறையில் விளக்குவதோடு தமிழ் கற்றோர் பணி முடிவதில்லை. துவண்ட கொடிக்குக் கொம்பு நடும்போதுதான் அச்சொல்லை நாம் உண்மையாகவே கற்றவராவோம்.